ஒன்பதாம் எண் காலியாக இருக்கிறதா?

தென் அமெரிக்காவிலிருந்து ஒரு ஸ்ட்ரைக்கரை ஐரோப்பிய கால்பந்து கிளப் ஒன்று வாங்கியதும் பேச்செல்லாம் இரண்டு விஷயங்களைச் சுற்றித்தான் ஓடும்: விலை எவ்வளவு, திறமை எவ்வளவு. அந்த அணியில் அவர் ஆட வேண்டிய இடத்தில், அதாவது ஒன்பதாம் எண் சட்டையில், ஏற்கெனவே யார் நிற்கிறார் என்பது செய்தியின் கடைசிப் பத்தியில் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பிறகு கோல் இல்லாமல் நான்கைந்து மாதம் கழிந்தால் ஐரோப்பாவுக்கு இவர் லாயக்கில்லை என்று முத்திரை குத்திவிடுவார்கள். இந்த முத்திரை எவ்வளவு அவசரமானது என்பதற்கு உருகுவேயின் டியேகோ ஃபோர்லானைவிட நல்ல சாட்சி கிடைக்காது. மான்செஸ்டர் யுனைடெட்டில் இரண்டரை ஆண்டுகள் கேலிக்கு ஆளானவர் அவர். அதே மனிதர் 2005-லும் 2009-லும் ஐரோப்பிய லீக்குகளின் முன்னணி கோல்காரருக்கான தங்கக் காலணியை வாங்கினார். 2010 உலகக் கோப்பையின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்தையும் வாங்கினார். இடையில் அவருக்குப் புதிதாகக் கால் முளைத்துவிடவில்லை. ஆடுவதற்கு ஓர் அணியில் இடம் கிடைத்தது, அவ்வளவுதான். ஒரு ஸ்ட்ரைக்கரின் ஐரோப்பிய வாழ்க்கையை நிர்ணயிப்பதில் கிளப்பின் பெயரைவிட, தனித்திறமையைவிடக்கூட, அந்தக் காலி இடத்துக்குப் பங்கு அதிகம் என்பதே என் வாதம்.

ஃபோர்லான் ஒன்றும் தெருவில் கண்டெடுக்கப்பட்ட பையன் அல்லர். தந்தை பாப்லோ ஃபோர்லான் 1966, 1974 உலகக் கோப்பைகளில் உருகுவேக்காக ஆடியவர். தாய்வழித் தாத்தா ஹுவான் கார்லோஸ் கொரஸ்ஸோ 1962 உலகக் கோப்பைக்கு உருகுவே அணியைப் பயிற்சியாளராக அழைத்துப் போனவர். பேரனுக்கு இரண்டு காலும் ஒரே மாதிரி வரும். அர்ஜென்டினாவின் இன்டிபென்டியன்டே கிளப்பில் 1998-இல் தொடங்கி, கோல்காரராகப் பெயர் எடுத்த பிறகு 2002 ஜனவரியில் இங்கிலாந்துக்கு விற்கப்பட்டார். முதலில் பேசி முடித்தது மிடில்ஸ்ப்ரோ கிளப். கடைசி நேரத்தில் யுனைடெட் உள்ளே புகுந்து, 69 லட்சம் பவுண்டு கொடுத்து அள்ளிக்கொண்டது. அர்ஜென்டினாவில் வங்கிகளில் போட்ட பணத்தை மக்கள் எடுக்க முடியாமல் அரசு முடக்கி வைத்திருந்த நாட்கள் அவை. வெளிநாட்டுப் பணம் எந்தக் கிளப்புக்கும் பெரிய விஷயம். இந்தப் பின்னணியில் ஒரு ஸ்ட்ரைக்கர் எப்போது, எந்த அணிக்குப் போக வேண்டும் என்பதை அவருடைய ஆட்டத் தேவை முடிவு செய்வதில்லை. விற்பவரின் பற்றாக்குறையும் வாங்குபவரின் அவசரமும் முடிவு செய்கின்றன. மிடில்ஸ்ப்ரோவுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அங்கே அவருக்கு முன்னால் யுனைடெட்டின் ஸ்ட்ரைக்கர் ருட் வான் நிஸ்டல்ரூய் நின்றிருக்க மாட்டார் என்பது மட்டும் நிச்சயம்.

வான் நிஸ்டல்ரூய் 2002-03 சீசனில் எல்லாப் போட்டிகளையும் சேர்த்து 44 கோல் அடித்தார். அப்படி ஒருவர் உடல்நலத்தோடு இருக்கும்போது இன்னொரு ஸ்ட்ரைக்கருக்கு என்ன வேலை மிஞ்சும்? அவருக்குத் துணையாக ஓடலாம் என்றால் அந்த இடத்துக்குப் பால் ஸ்கோல்ஸ் இருந்தார். ஆட்டத்தின் கடைசியில் இறங்கி கோல் அடிக்கலாம் என்றால் அந்த வேலையில் கரை கண்ட ஓலே குன்னர் சோல்ஷர் பெஞ்சில் இருந்தார். ஃபோர்லான் யுனைடெட்டுக்காக ஆடிய 98 ஆட்டங்களில் பாதிக்கும் மேல் மாற்று ஆட்டக்காரராக இறங்கியவை. முதல் கோலுக்கு எட்டு மாதம் ஆயிற்று. 2002 செப்டம்பரில் மக்காபி ஹைஃபா அணிக்கு எதிரான ஆட்டம் ஏறக்குறைய முடிந்துபோன நேரத்தில் ஒரு பெனால்டியைக் கொடுத்து அடிக்கச் சொன்னார்கள். அடித்தார். அந்த நவம்பரில் சௌத்தாம்ப்டனுக்கு எதிராக வெற்றி கோல் அடித்ததும் சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு ஓடினார். ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டது, சட்டை மாட்ட வரவில்லை. சட்டையைக் கையில் பிடித்தபடி வெற்றுடம்போடு பந்தைத் துரத்திய அந்தக் காட்சியைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இல்லை. சிரித்தவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். அப்படிக் கொண்டாடும் அளவுக்குக் கோலுக்கு ஏங்கிப்போயிருந்தவர், சட்டை போடாவிட்டாலும் பரவாயில்லை என்று உடனே பந்துக்கு ஓடினார். அடுத்த மாதமே லிவர்பூலின் ஆன்ஃபீல்ட் மைதானத்தில் அந்த அணியின் கோல்கீப்பர் யெர்சி டூடெக் பந்தை நழுவவிட்டபோது அதை வலைக்குள் தட்டிவிட்டு, அடுத்த சில நிமிடங்களில் இன்னொன்றும் அடித்தார். யுனைடெட் ரசிகர்கள் அந்த நாளுக்காக இன்றைக்கும் அவரைப் பாடுகிறார்கள். கணக்குப் புத்தகத்தில் 17 கோல்தான். ஆனால் வேண்டிய நேரத்தில் வந்தவை அவற்றில் பல. அந்த ஆண்டு யுனைடெட் லீக் பட்டத்தையும் வென்றது.

2004 ஜனவரியில் லூயி சஹா, மே மாதத்தில் ஆலன் ஸ்மித் என்று யுனைடெட் மேலும் இரண்டு ஸ்ட்ரைக்கர்களை வாங்கியது. ஆகஸ்டில் ஃபோர்லானை வாங்கியதைவிட மிகக் குறைந்த விலைக்கு வில்லாரியலுக்கு விற்றுவிட்டார்கள். யுனைடெட்டின் பயிற்சியாளர் ஃபெர்குசன் செய்தது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. பட்டத்துக்கு ஆடும் பயிற்சியாளர் ஒருவரைப் பழக்குவதற்காக 44 கோல் அடித்தவரை உட்கார வைக்க மாட்டார். திறமையைக் கண்டுபிடித்ததில் அவர் கண் சரியாகவே வேலை செய்திருந்தது. அந்தத் திறமையை எங்கே வைப்பது என்ற கேள்விக்குத்தான் பதில் இல்லாமல் வாங்கினார். பழி மட்டும் பையன் மேல் விழுந்தது.

வில்லாரியல் காஸ்தெல்யோன் மாவட்டத்தில், சுவருக்கும் தரைக்கும் பதிக்கும் பீங்கான் ஓடுகள் செய்து பிழைக்கும் ஊர், மக்கள்தொகை ஐம்பதாயிரம். கிளப்பின் தலைவர் ஃபெர்னாண்டோ ரோய்க்கும் அதே தொழில்தான். ஸ்பெயினின் முதல் டிவிஷனுக்கு அந்த அணி முதன்முதலாக வந்ததே 1998-இல்தான். 2004-இல் அங்கே புதிதாக வந்த பயிற்சியாளர் சிலியின் மானுவேல் பெலக்ரீனி. நடுக்களத்தில் அர்ஜென்டினாவின் ஹுவான் ரோமன் ரிக்கெல்மே. அவரும் பார்சிலோனாவில் சரிப்படவில்லை என்று கைகழுவப்பட்டவர்தான். பின்களத்தில் அர்ஜென்டினாவின் சோரின், அர்ருவாபரேனா. உடைமாற்றும் அறையில் ஃபோர்லான் தன் தாய்மொழியிலேயே பேசலாம். பந்து தனக்கு எப்போது, எந்தக் காலுக்கு வேண்டும் என்று சொல்லலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, முந்தைய சீசனின் ஸ்ட்ரைக்கர் சொன்னி ஆண்டர்சன் போய்விட்டிருந்தார். இடம் காலி. ரிக்கெல்மே பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு ஆட்டத்தையே நிறுத்தி வைப்பார், பாதுகாப்பு வீரர்கள் அவரையே பார்த்துக்கொண்டிருக்கும்போது ஃபோர்லான் அவர்கள் முதுகுப்புறம் புகுந்துவிடுவார், பந்து அவர் ஓடும் வழியில் வந்து விழும். இப்படி ஒரு சீசன் முழுக்க நடந்தது. 2005 மே மாதத்தில் பார்சிலோனாவின் சொந்த மைதானத்தில் 3-3 என்று முடிந்த ஆட்டத்தில் வில்லாரியலின் மூன்று கோல்களும் இவருடையவை. லீக்கில் 25 கோல் அடித்து, பார்சிலோனாவின் சாமுவேல் எட்டோவை முந்தினார். வில்லாரியல் மூன்றாம் இடத்தில் முடித்தது. அந்த ஆண்டின் தங்கக் காலணியை அவரோடு பகிர்ந்துகொண்டவர் ஆர்சனலின் தியரி ஹென்றி. ஹென்றியும் யுவென்டஸில் அரை சீசன் ஓரத்தில் ஓடவிடப்பட்டு, மூன்றே லீக் கோல்களோடு விற்கப்பட்டவர் என்பதை இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும். அடுத்த சீசனில் சாம்பியன்ஸ் லீக் குழுச்சுற்றில் வில்லாரியலும் யுனைடெட்டும் ஒரே குழுவில் வந்தன. இரண்டு ஆட்டங்களும் கோலின்றி முடிந்தன. வில்லாரியல் குழுவில் முதலிடம், யுனைடெட் கடைசி இடம்.

இதற்கு வழக்கமாக வரும் மறுப்பு, ஸ்பெயின் லீக் மெதுவானது, இங்கிலாந்தின் முரட்டு ஆட்டத்துக்கு அவர் ஈடுகொடுக்கவில்லை என்பது. இதில் ஓரளவு உண்மை உண்டு. 2002-இல் இங்கிலாந்தில் ஸ்ட்ரைக்கரிடம் கேட்டது உடம்பை வைத்துப் பந்தைக் காப்பாற்றுவதை. இவர் அதற்குப் பிறந்தவர் அல்லர். ஆனால் முழுக் காரணம் அதுதான் என்றால் 2010-ஐ எப்படி விளக்குவது? ஃபெர்னாண்டோ டோரஸை லிவர்பூலுக்கு விற்றுவிட்டு அந்த இடத்துக்கு 2007-இல் அட்லெட்டிகோ மாட்ரிட் வாங்கியது ஃபோர்லானை. பக்கத்தில் பாதுகாப்பை அறுத்துக்கொண்டு போகும் இளம் செர்ஜியோ அகுவேரோ. 2008-09-இல் லீக்கில் 32 கோல், இரண்டாம் தங்கக் காலணி. அடுத்த ஆண்டு யூரோப்பா லீக் அரையிறுதியில் எதிரி லிவர்பூல். முதல் ஆட்டத்தின் ஒரே கோல் இவருடையது. ஆன்ஃபீல்டில் கூடுதல் நேரத்தில் அட்லெட்டிகோவை இறுதிக்குக் கொண்டுபோன கோலும் இவருடையது. ஹம்பர்க்கில் நடந்த இறுதியில் இன்னோர் ஆங்கில அணியான ஃபுல்ஹாமை 2-1 என்று வீழ்த்திய இரண்டு கோல்களும் இவருடையவை. இரண்டாவது வந்தது 116-வது நிமிடத்தில். இங்கிலாந்து அணிகளுக்கு எதிராக, இங்கிலாந்து மண்ணிலேயே, கால் ஓய்ந்துபோகும் நேரத்தில் அடித்தவரைப் பார்த்து முரட்டு ஆட்டம் தாங்கமாட்டார் என்று எப்படிச் சொல்வது? ஒரு மாதம் கழித்துத் தென் ஆப்பிரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில், உலகமே திட்டித் தீர்த்த ஜபுலானி பந்தை வைத்துக்கொண்டு ஐந்து கோல் அடித்தார். உருகுவே பயிற்சியாளர் ஆஸ்கர் தபாரெஸ் முன்னால் லூயிஸ் சுவாரெஸையும் எடின்சன் கவானியையும் விட்டு இவரைச் சற்றுப் பின்னால் இழுத்து, ஆட்டத்தை நடத்தும் பொறுப்பைக் கொடுத்திருந்தார். அந்த இடத்திலிருந்து பந்து அவர் காலுக்கு அடிக்கடி வந்தது, தூரத்திலிருந்து அடித்தார். உருகுவே நான்காம் இடம் பெற்றது, அடுத்த ஆண்டு கோப்பா அமெரிக்காவையும் வென்றது. பராகுவேக்கு எதிரான அந்த இறுதியின் மூன்று கோல்களில் இரண்டு ஃபோர்லானுடையவை.

இதே வாதத்தை மறுபக்கமும் சோதித்துப் பார்க்கலாம். 2011-இல், 32 வயதில், இன்டர் மிலனுக்குப் போனார். பெரிய பெயர், எட்டோவை ரஷ்யாவுக்கு விற்றுவிட்டு அவசரமாகத் தேடிய ஆள். இடம் காலியாகத்தானே இருந்தது என்று கேட்பீர்கள். காகிதத்தில் காலி. ஆனால் அட்லெட்டிகோவுக்காக யூரோப்பா லீக் தகுதிச் சுற்றில் ஏற்கெனவே இறங்கியிருந்ததால் சாம்பியன்ஸ் லீக் குழுச்சுற்றில் ஆட அவருக்கு அனுமதி இல்லை என்பதைக்கூட யாரும் முன்கூட்டிப் பார்க்கவில்லை. அந்த ஒரே சீசனில் இன்டருக்கு மூன்று பயிற்சியாளர்கள். அவர்கள் கையில் ஃபோர்லான் இடது ஓரத்துக்குத் தள்ளப்பட்டார். லீக்கில் இரண்டு கோல். வயதும் காயமும் காரணம் என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு நடு ஸ்ட்ரைக்கரை ஓரத்தில் ஓடவிட்டுவிட்டு, கோல் எங்கே என்று கேட்பதில் நியாயம் இல்லை. 37 வயதில் இந்தியன் சூப்பர் லீகில் மும்பை சிட்டிக்கு ஆட வந்தபோது நடுவில் நிறுத்தினார்கள். கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்தார். ஆட்டத்தின் தரம் வேறு, ஒப்பிட முடியாது. ஆனாலும் மிலனில் தொலைந்துபோன இடம் அவருக்கு மும்பையில் திரும்பக் கிடைத்தது என்னவோ உண்மை.

கடினமான மறுப்பு வேறொன்று. பெரிய கிளப்புக்கு நேராகப் போய் வென்றவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். அர்ஜென்டினாவின் கொன்சாலோ ஹிகுவாயின் ரிவர் பிளேட்டிலிருந்து 2007 ஜனவரியில் நேரே ரியல் மாட்ரிட்டுக்குப் போனார். முதல் அரை சீசனில் லீக்கில் 2 கோல், அடுத்த சீசனில் 8. அதாவது ஃபோர்லானின் கதையே மாட்ரிட்டில் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. 2008 நவம்பரில் அந்த அணியின் ஸ்ட்ரைக்கருக்கு முழங்காலில் காயம், சீசனே முடிந்தது. ஹிகுவாயின் அந்த சீசனில் 22 கோல், அடுத்ததில் 27. காயப்பட்டவர் யார் என்றால், அதே வான் நிஸ்டல்ரூய்! மான்செஸ்டரில் அவர் நலமாக இருந்ததால் ஒரு தென் அமெரிக்கர் தோற்றார், மாட்ரிட்டில் அவர் விழுந்ததால் இன்னொருவர் எழுந்தார். இன்டரின் லௌதாரோ மார்டினெஸும் அப்படியே. 2018-இல் நேராக வந்தார், முதல் சீசனில் லீக்கில் 6 கோல். முன்னால் நின்ற மௌரோ இகார்டி கிளப்போடு சண்டை போட்டு பாரிஸுக்குப் போன பிறகு 14. பின்னாளில் அணியின் கேப்டன். ஆக, நேராகப் போய் வென்றவர்களின் கதையையும் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் அங்கே ஓர் இடம் காலியானது தெரியும். பிரேசிலின் ரொனால்டோ போன்றவர்கள் எங்கே விட்டாலும் அடிப்பார்கள் என்பார்கள். இருக்கலாம். ஆனால் அந்த ரொனால்டோவும் பார்சிலோனாவுக்கு முன் ஹாலந்தின் பிஎஸ்வி அணியில் இரண்டு ஆண்டுகள் முதல் ஸ்ட்ரைக்கராக ஆடினார். அவருக்கு முன் ரொமாரியோ போனதும் அதே வழியில். சுவாரெஸ் ஹாலந்தின் கிரோனிங்கனில் தொடங்கினார், கவானி இத்தாலியின் பலெர்மோவில். ரொனால்டோவின் மேதைமையை இங்கே சாட்சிக்கு அழைப்பவர்கள் இந்தப் பயண வரிசையையும் சொல்ல வேண்டும்.

அட்லெட்டிகோ மாட்ரிட்டைக் கவனித்தால் இது ஒரு கிளப்பின் கொள்கையாகவே ஆகியிருப்பது தெரியும். 2011-இல் அகுவேரோவும் ஃபோர்லானும் ஒரே கோடையில் போனார்கள். அந்தக் கோடையிலேயே கொலம்பியாவின் ரடமெல் ஃபல்காவ் வந்தார், இரண்டு சீசனில் 70 கோல். அதே ஃபல்காவ் 2014-இல் யுனைடெட்டுக்குக் கடனாகப் போனபோது அங்கே வெய்ன் ரூனியும் ராபின் வான் பெர்சியும் இருந்தார்கள். லீக்கில் 4 கோல். முழங்கால் அறுவை முடிந்த கால் என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் மொனாக்கோவுக்குத் திரும்பி கேப்டனாக முன்னால் நின்ற 2016-17-இல், அதே காலோடு, லீக்கில் 21 கோல் அடித்துப் பட்டமும் வென்றார். 2020-இல் வயதாகிவிட்டது என்று பார்சிலோனா துரத்திய சுவாரெஸை எடுத்ததும் அட்லெட்டிகோதான்; 21 கோல், கடைசி நாளில் வயாதோலித்தில் பட்டத்தை முடிவுசெய்த கோல். 2024-இல் வந்த ஹுலியன் அல்வாரெஸ் மான்செஸ்டர் சிட்டியில் கோப்பைகளை அள்ளியும் எர்லிங் ஹாலண்டின் நிழலிலேயே இருந்தவர். அட்லெட்டிகோவில் முதல் சீசனில் 29 கோல். இத்தனை பேருக்கும் அந்தக் கிளப் செய்தது பெரிய வித்தை எதுவும் இல்லை. முன்னால் இருந்தவரை அனுப்பிவிட்டுத்தான் புதியவரை எடுத்தது.

காலி இடம் கிடைத்தும் காணாமல் போன தென் அமெரிக்க ஸ்ட்ரைக்கர்கள் நூற்றுக்கணக்கில் உண்டு, அவர்கள் பெயர் நமக்குத் தெரியாததால்தான் இந்த வாதம் வலுவாகத் தோன்றுகிறது என்று ஒருவர் சொன்னால், அது சரியான கேள்வி. பிஎஸ்விக்கோ பலெர்மோவுக்கோ போனவர்கள் எல்லாரும் ரொனால்டோவோ கவானியோ ஆகவில்லை. காலி இடம் திறமையை உண்டாக்காது. ஆனால் அது இல்லாமல் திறமை இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாது. நான் சொல்வது அவ்வளவுதான். ஸ்ட்ரைக்கரின் வேலை மற்றவர்களுடையதைப் போல அல்ல. நடுக்கள வீரர் இருபது நிமிடம் இறங்கினால் முப்பது முறை பந்தைத் தொட்டுத் தன்னைக் காட்டிவிடலாம். ஸ்ட்ரைக்கருக்கு அந்த இருபது நிமிடத்தில் ஒரு வாய்ப்பு வரலாம், வராமலும் போகலாம். வந்த ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்குப் பதினைந்து நாள் காத்திருக்க வேண்டும். எட்டு மாதம் இப்படிக் கழிந்தால் எவர் காலும் தடுமாறும்.

இன்றைக்கு நிலைமை மோசமாகியிருக்கிறது, ஏனென்றால் வயது குறைந்துவிட்டது. ஃபோர்லான் யுனைடெட்டுக்குப் போனபோது அவருக்கு 22. பிரேசிலின் விட்டோர் ரோக்கே 2024 ஜனவரியில் பார்சிலோனாவில் இறங்கியபோது 18. கிளப்பின் சம்பள வரம்பில் அவரைப் பதிவுசெய்யவே இடமில்லை. நடுக்கள வீரர் காவி நீண்ட காயத்தில் படுத்ததால் கிடைத்த சலுகையில் பெயரைச் சேர்த்தார்கள். முன்னால் ராபர்ட் லெவண்டோவ்ஸ்கி அசையாமல் நின்றார். ஒசாசுனாவுக்கு எதிராகக் களமிறங்கிய சில நொடிகளில் வெற்றி கோல் அடித்த பையன், அந்த அரை சீசனில் அடித்தது மொத்தம் இரண்டு. அந்தக் கோடையில் ரியல் பெட்டிஸுக்குக் கடன், அடுத்த ஆண்டு பிப்ரவரியில் பிரேசிலின் பல்மெய்ராஸுக்கு விற்பனை. இருபது வயதிலேயே ஐரோப்பாவில் தோற்றவர் என்ற பெயரோடு ஊர் திரும்பினார். பிரேசில் கிளப்புகளுக்குப் பணம் வேண்டும், பையனின் குடும்பத்துக்கும் வேண்டும், அந்தச் சமயத்தில் பார்சிலோனா கூப்பிட்டால் எந்தப் பதினெட்டு வயதும் மறுக்காது. ஆகவே பொறுப்பு வாங்குபவரிடமே இருக்கிறது. முதல் ஸ்ட்ரைக்கராக நிறுத்த முடியாதவரை வாங்கும் கிளப், வாங்கும் நாளிலேயே அவரை இடமுள்ள அணி ஒன்றுக்குக் கடனாக அனுப்ப வேண்டும். பிரேசிலின் அட்ரியானோவுக்கு இன்டர் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தது. ஃபியோரென்டினாவுக்கும் பர்மாவுக்கும் போய் ஆடி வந்த பிறகுதான் மிலனில் அவர் காலைப் பார்த்துக் கோல்கீப்பர்கள் பயந்தார்கள்.

ரசிகர்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை தென் அமெரிக்காவிலிருந்து ஒரு பையன் பெரிய கிளப்புக்குப் போகிறார் என்ற செய்தி வந்தால் விலையைப் படித்த கையோடு அந்த அணியின் முன்கள வரிசையையும் பாருங்கள். அங்கே ஆண்டுக்கு முப்பது கோல் அடிக்கும் ஒருவர் காயமில்லாமல் ஆடிக்கொண்டிருந்தால், பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பையன் அடிக்காத கோல்களுக்காக அவரைத் திட்டாதீர்கள்.